டோல்கேட்டா, ஓசி ரோடா? உங்களுக்குத் தெரியுமா?

முழுப்பரீட்சை லீவு விட்டாச்சு. பழனிசெட்டிபட்டியில் காரைக் கழுவி வாசலில் நிறுத்தியாச்சு. புளியோதரையும் கட்டியாச்சு. இனி வீட்டில் ஒரே பேச்சுதான்: காசு கட்டிப் போகிற ரோடா, காசில்லாத ரோடா? சாவியைத் திருப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஒவ்வொன்றும் தேடிப் பிடித்த முத்து!

தேனியைத் தொட்டுப் போகும் தேசிய நெடுஞ்சாலை 85 தொடங்குவது கொச்சியில், அரபிக்கடல் பக்கம். முடிவது தொண்டியில், வங்கக்கடல் ஓரம். ஒரே ரோடு, இரண்டு கடல்!

நம் ஊர்க்காரர்கள் கம்பம் ரோடு என்று சொல்வது தேசிய நெடுஞ்சாலை 183. திண்டுக்கல், தேனி, குமுளி, கோட்டயம் என்று போய்க் கொல்லம் வரை நீள்கிறது. தேனியிலிருந்து கொல்லம் வரை அதன் பழைய எண் 220. எங்காவது பழைய மைல்கல்லில் 220 என்று பார்த்தால் பதறாதீர்கள், அதே ரோடுதான்!

திண்டுக்கல்லிலிருந்து குமுளி வரை எவ்வளவு தூரம் தெரியுமா? 133 கிலோமீட்டர்! பெரியகுளம், தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று ஊருக்கு ஊர் பைபாஸ் வந்துவிட்டது. ஒரு பஸ் ஸ்டாண்டைக்கூடப் பார்க்காமல் குமுளி அடிவாரம் போய்விடலாம்.

ஆனால், பைபாஸில் பறந்தால் எதை விடுகிறீர்கள் தெரியுமா? கம்பம் பன்னீர் திராட்சையை! 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய திராட்சை அது. 1832ல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்த கொடி. உலகத்தில் பல நாடுகளில் வருஷத்துக்கு ஒரு முறை காய்ப்பது, இங்கே வருஷம் முழுக்கக் கிடைக்கிறது. சுருளிப்பட்டிப் பக்கம் வண்டியைத் திருப்பினால் பந்தலுக்குப் பக்கத்திலேயே வாங்கலாம்!

பழனிசெட்டிபட்டியிலிருந்து கம்பம் போக டோல்கேட்டே இல்லாத ரோடு ஒன்று இருக்கிறது, தெரியுமா? போடிக்கு ஏறுங்கள். அங்கிருந்து சிலமலை, ராசிங்கபுரம், தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை, உத்தமபாளையம். கொஞ்சம் சுற்றுதான். ஆனால் வலப்பக்கம் மலை கூடவே வரும்!

பண்ணைப்புரம் யார் ஊர் என்று சொல்லவும் வேண்டுமா? இளையராஜா பிறந்த ஊர்! பிறந்த ஆண்டு 1943. டோல் ரோட்டில் போகிறவர்களுக்கு இந்த ஊர்ப் பலகையே கண்ணில் படாது. அவர் பாட்டைப் போட்டுக்கொண்டே அவர் ஊரைக் கடக்கிற சுகம், டோல் கட்டாத ரோட்டுக்கு மட்டும்தான்!

அடுத்த ஊர் கோம்பை. வேட்டைக்கும் காவலுக்கும் பேர் போன கோம்பை நாய் இந்த ஊர்ப் பெயரைத்தான் சுமக்கிறது. பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், காரை நிறுத்தச் சொல்லி அடம் பிடிப்பார்கள்!

சரி, நேர் ரோட்டுக்கு வருவோம். வீரபாண்டி தாண்டினால் உப்பார்பட்டி டோல்கேட். பழனிசெட்டிபட்டிக்காரர்களுக்கு இங்கே ஒரு சலுகை காத்திருக்கிறது. டோல்கேட்டிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் வீடு இருந்து, சொந்த உபயோகக் கார் என்றால், மாதப் பாஸ் எடுக்கலாம். 2025-26ல் அதன் விலை வெறும் 350 ரூபாய். எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம், வரலாம்!

இதைவிடப் பெரிய ஆச்சரியம் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 15 அன்று பாஸ்டேக் வருடாந்திரப் பாஸ் வந்தது. அறிமுக விலை 3,000 ரூபாய். 200 தடவை டோல்கேட்டைக் கடக்கலாம், அல்லது ஒரு வருஷம். எது முந்துகிறதோ அது. அந்த விலையில் ஒரு தடவைக்கு எவ்வளவு விழுகிறது? 15 ரூபாய்! இரண்டு டீ குடிக்கிற காசுகூட இல்லை!

முதல் நாளே இதை வாங்கியவர்கள் எத்தனை பேர் தெரியுமா? சுமார் 1,40,000 பேர்!

இப்போது ஒரு கணக்கு போடுங்கள். 350 ரூபாய் மாதப் பாஸை 12 மாதம் எடுத்தால் 4,200 ரூபாய். அதுவும் ஒரே ஒரு டோல்கேட்டுக்கு. வருடாந்திரப் பாஸோ அறிமுக விலையில் 3,000 ரூபாய்தான், நாடு முழுக்க ஏறக்குறைய 1,150 டோல்கேட்டுகளில் செல்லும்! தினமும் உப்பார்பட்டி தாண்டி வேலைக்குப் போகிறவருக்கு 200 தடவை நாலே மாதத்தில் தீர்ந்துவிடும், அவருக்கு மாதப் பாஸ்தான் சரி. லீவுக்கு லீவு ஊர் சுற்றுகிற குடும்பத்துக்கு வருடாந்திரப் பாஸ்தான் ராஜா!

திருச்சியிலிருந்து சென்னை வரை எத்தனை டோல்கேட்? சமயபுரம், திருமாந்துறை, செங்குறிச்சி, விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர். மொத்தம் ஆறு! போக ஆறு, வர ஆறு. பாஸில் 12 தடவை கழியும். அறிமுக விலைப்படி காசாகப் பார்த்தால் 180 ரூபாய்!

ஆனால் உஷார்! இந்தப் பாஸ் வாடகைக் காருக்குக் கிடையாது. டிராவல்ஸில் வண்டி பிடித்துப் போகிறீர்களா? வழக்கமான டோல்தான். தம்பி காருக்கு எடுத்த பாஸை அண்ணன் காரில் ஒட்டவும் முடியாது. ஒரு பாஸ், ஒரு வண்டி!

மாநில நெடுஞ்சாலை டோல்கேட்டிலும் இது எடுபடாது. கொடைக்கானல் நுழைவில், வெள்ளி நீர்வீழ்ச்சிப் பக்கம் நகராட்சி வசூலிக்கிற கட்டணம் இருக்கிறதே, அதற்கும் செல்லாது. அது தனி, இது தனி!

கொடைக்கானல் என்றதும் இன்னொன்று. 2024 மே 7 முதல் இ-பாஸ் இல்லாமல் வெளியூர் வண்டி மலையேற முடியாது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு. இ-பாஸுக்குக் கட்டணம் எவ்வளவு? பூஜ்யம்!

பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை, அடுக்கம் வழியாகக் கொடைக்கானல் ஏறும் ரோடு ஒன்று உண்டு. வத்தலக்குண்டு வரை சுற்ற வேண்டாம், டோல்கேட்டும் இல்லை. ஆனால் குறுகல். எதிரே வண்டி வந்தால் ஒதுங்க இடம் தேட வேண்டும். புதிதாக ஓட்டப் பழகியவர்கள் கையில் ஸ்டியரிங் கொடுக்காதீர்கள்!

மலை ரோட்டில் யாருக்கு முதலில் வழி தெரியுமா? ஏறி வருகிற வண்டிக்கு! இறங்குகிறவர்தான் ஒதுங்கி நிற்க வேண்டும். இது மரியாதை மட்டும் இல்லை, சாலை விதி! போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் இதை மறக்காதீர்கள்.

போடிமெட்டு ஏறி மூணாறு போகிறவர்களுக்கு ஒரு சேதி. மேலே போடிமெட்டிலிருந்து மூணாறு வரை ஏறக்குறைய 42 கிலோமீட்டர் ரோட்டை அகலமாக்கிவிட்டார்கள். செலவு சுமார் 380 கோடி ரூபாய். 2024 ஜனவரியில் திறந்தார்கள். அப்புறம் என்ன, தேவிகுளம் பக்கம் லாக்காட்டில் டோல்கேட்! இடுக்கி மாவட்டத்துக்கே அதுதான் முதல் டோல்கேட்!

மேகமலை போகிறீர்களா? சின்னமனூரிலிருந்து ஏறும் ரோட்டில் 18 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர்! ஒவ்வொரு வளைவிலும் பலகையைப் படித்துக்கொண்டே ஏறலாம். வழியில் டோல்கேட் எத்தனை? ஒன்றுகூட இல்லை!

சபரிமலை சீசனில் கிளம்பினால் உங்களுக்கு ரோட்டைத் தேர்ந்தெடுக்கும் வேலையே இல்லை! போகும்போது கம்பம்மெட்டு, வரும்போது குமுளி. ஒருவழிப் பாதையாக மாற்றிவிடுவார்கள். காசா, ஓசியா என்பதைப் போலீஸ் கை காட்டும் திசையே முடிவு செய்துவிடும்!

குமுளி ஏறும் முன் லோயர்கேம்ப்பில் கட்டாயம் நிறுத்துங்கள். பென்னிகுவிக் மணிமண்டபம் அங்கேதான் இருக்கிறது. அவர் பிறந்தநாளான ஜனவரி 15 அன்று, 2013ல் திறந்தது. முல்லைப் பெரியாறு அணையை 1895ல் முடித்துக் காட்டியவர். பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சையாக இருக்கிறதே, அந்த மனிதர் போட்ட வழிதான்! மலைச்சரிவில் தெரியும் ராட்சதக் குழாய்களை எண்ணிப் பாருங்கள். நான்கு! அந்தத் தண்ணீர்தான் மின்சாரமும் தந்துவிட்டு, நம் பழனிசெட்டிபட்டித் தடுப்பணை வரைக்கும் வருகிறது!

டோலை மிச்சம் பிடிக்கச் சுற்றிப் போனால் லாபமா? இதை நான் வீட்டுக்கு வீடு சொல்லி வருகிறேன், நீங்களும் கேளுங்கள். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வையுங்கள். உங்கள் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் என்று வையுங்கள். ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு? ஏறக்குறைய 6 ரூபாய் 67 காசு! 10 கிலோமீட்டர் கூடுதலாகச் சுற்றினாலே 67 ரூபாய் போச்சு. 60 ரூபாய் டோலைத் தவிர்க்க 15 கிலோமீட்டர் சுற்றுகிறவர் 100 ரூபாய் பெட்ரோலை எரிக்கிறார். மிச்சம் இல்லை, 40 ரூபாய் நஷ்டம்! வருடாந்திரப் பாஸ் இருந்தால் அந்தக் கடப்புக்குச் சுமார் 15 ரூபாய்தான், ஏறக்குறைய இரண்டே கால் கிலோமீட்டர் பெட்ரோல்! ஆகவே காசுக்காகச் சுற்றாதீர்கள். மலைக்காகச் சுற்றுங்கள், திராட்சைக்காகச் சுற்றுங்கள், பண்ணைப்புரத்துக்காகச் சுற்றுங்கள்!

டோல் விலை எப்படி முளைக்கிறது தெரியுமா? 2008ஆம் ஆண்டு விதிகளில் இருக்கிறது. நான்குவழிச் சாலையில் காருக்கு அடிப்படை விலை கிலோமீட்டருக்கு 65 காசு! அதன் மேல் வருஷா வருஷம் 3 சதவீதம் கூடும், விலைவாசிப் புள்ளி ஏறுவதில் 40 சதவீதமும் சேரும்.

நம் பக்கம் மாதிரி, ஓரத்திலும் தார் போட்ட இருவழிச் சாலைக்கு எவ்வளவு? நான்குவழி விலையில் 60 சதவீதம் மட்டுமே! நான்குவழிச் சாலைக்கான காசை இருவழிச் சாலையில் யாரும் கேட்க முடியாது!

காலையில் போய் ராத்திரி திரும்புகிறீர்களா? 24 மணி நேரத்துக்குள் அதே டோல்கேட்டைத் திரும்பக் கடந்தால் மொத்தம் ஒன்றரை மடங்குதான். போகும்போது முழு டோல், வரும்போது பாதி. குச்சனூர் கோயிலுக்குப் போய்விட்டு அன்றைக்கே திரும்புகிறவர்கள், வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியைச் சரிபாருங்கள்!

பாஸ்டேக்கில் பணம் இருக்கிறது, ஸ்டிக்கரும் சரியாக இருக்கிறது, ஆனால் டோல்கேட் இயந்திரம் வேலை செய்யவில்லை. என்ன செய்வீர்கள்? கை பர்ஸுக்குப் போக வேண்டாம்! 2018ல் வந்த அரசாணைப்படி உங்களை இலவசமாக விட வேண்டும். பூஜ்ய ரூபாய் ரசீதும் தர வேண்டும். பூஜ்யத்துக்கு ரசீது!

பாஸ்டேக்கே இல்லையா? 2025 நவம்பர் 15ல் ஒரு புது விதி வந்தது. ரொக்கம் நீட்டினால் இரண்டு மடங்கு என்றது அது. யுபிஐயில் கட்டினால் ஒன்றே கால் மடங்கு. 100 ரூபாய் டோல் ஒருவருக்கு 200, இன்னொருவருக்கு 125!

பைக்குக்கு டோல் இல்லை, தெரியும். ஆட்டோவுக்கும் டிராக்டருக்கும் இல்லை. நெல் அறுக்கிற இயந்திரத்துக்கும் இல்லை. மாட்டு வண்டிக்கும் இல்லவே இல்லை!

பரம்வீர் சக்ரா வாங்கிய வீரர் காரில் வந்தால்? அடையாள அட்டையைக் காட்டினால் போதும், கேட் திறக்கும். குடியரசுத் தலைவர் இடம்பெற்றிருக்கும் அதே விலக்குப் பட்டியலில் அவரும் இருக்கிறார்!

நடுவழியில் டயர் வெடித்தாலோ, விபத்து நடந்தாலோ தேசிய நெடுஞ்சாலையில் அழைக்க வேண்டிய எண் 1033. நாலே இலக்கம்! கிரேன், ஆம்புலன்ஸ் எல்லாம் இதில் வரும். இப்போதே போனில் பதிந்து வையுங்கள். தயவுசெய்து இதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்!

டோல்கேட் கழிப்பறை அழுக்காக இருந்ததைப் படம் பிடித்து அனுப்பினால் 1,000 ரூபாய்! ஆமாம், 2025 அக்டோபர் 31 வரை இப்படி ஒரு திட்டம் ஓடியது. பணம் கைக்கு வராது, பாஸ்டேக்கில் ஏறும். குழந்தைகளோடு பயணம் போகிற ஒவ்வொரு தாய்க்கும் தெரியும், இது எவ்வளவு பெரிய விஷயம் என்று!

நகராட்சி எல்லையிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் டோல்கேட் வரக் கூடாது என்பது பொது விதி. ஒரே ரோட்டில் இரண்டு டோல்கேட்டுக்கு நடுவே 60 கிலோமீட்டர் இருக்க வேண்டும் என்பதும் விதிதான். விதிவிலக்குகளும் உண்டு. மதுரை தாண்டிக் கப்பலூர் டோல்கேட்டை எதிர்த்துத் திருமங்கலம் மக்கள் வருஷக்கணக்காகப் போராடுவது இதற்காகத்தான். வீட்டு வாசலைத் தாண்டுவதற்குக் காசா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி!

இந்தியாவிலேயே அதிகம் வசூலித்த டோல்கேட் எது? குஜராத்தின் பர்த்தானா. வதோதரா–பரூச் ரோட்டில் இருக்கிறது. ஐந்தே ஆண்டுகளில் 2,043 கோடி ரூபாய்!

ரோடு மோசமாக இருந்தால் டோல் கட்ட வேண்டுமா? கேரளத்தில் கோர்ட்டே கேட்டுவிட்டது! திருச்சூர் பக்கம் பாலியேக்கரை டோல்கேட்டில் வசூலை 2025 ஆகஸ்ட் 6 அன்று கேரள உயர் நீதிமன்றம் நிறுத்தியது. உச்ச நீதிமன்றமும் அதை ஆதரித்தது. 65 கிலோமீட்டர் கடக்க 12 மணி நேரம் ஆனால் 150 ரூபாய் எதற்கு என்று நீதிபதிகள் கேட்டார்கள். வசூல் திரும்பத் தொடங்கியது அக்டோபர் 17ல். இரண்டு மாதத்துக்கும் மேல் ஒரு பைசா இல்லை!

சென்னை ராஜீவ் காந்தி சாலையில் நான்கு டோல்கேட்டுகளில் 2021 ஆகஸ்ட் 30 முதல் வசூல் நின்றது. டெல்லி–நொய்டா மேம்பாலத்தில் 2016ல் கோர்ட் நிறுத்தியது. மும்பை நுழைவாயில்கள் ஐந்திலும் 2024 அக்டோபரில் கார்களுக்கு டோல் போனது. போட்ட டோல்கேட் போகாது என்று யார் சொன்னது?

டோலை ஒழித்ததற்காகவே பட்டப்பெயர் வாங்கிய ராஜா யார் தெரியுமா? நம் முதலாம் குலோத்துங்கன்! 1070ல் பட்டத்துக்கு வந்தவர். வணிகர்களிடம் வாங்கிய சுங்கத்தை நிறுத்தினார். ஊர் உலகம் அவரை எப்படி அழைத்தது? சுங்கம் தவிர்த்த சோழன்! கங்கை கொண்டான், கடாரம் கொண்டான் என்று வெற்றிகளுக்குப் பட்டம் சூடிய வம்சத்தில், வரியை விட்டதற்காக ஒரு பட்டம். இந்த ராஜா கதையைக் காருக்குள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஏறக்குறைய 950 வருஷம் ஆகியும் பெயர் நிற்கிறது!

டோல்கேட்டை உடைக்க ஆண்கள் சேலை கட்டிய கதை மாதிரி ஒன்று வேல்ஸில் நிஜமாகவே நடந்தது. 1839 முதல் 1843 வரை விவசாயிகள் பெண் வேடமிட்டு, ராத்திரியில் வந்து கேட்டுகளை நொறுக்கினார்கள். போராட்டத்தின் பெயர் ரெபேக்கா கலகம்!

காருக்கென்றே போட்ட உலகின் ஆரம்பகாலக் கட்டண நெடுஞ்சாலைகளில் ஒன்று எங்கே? இத்தாலியில், மிலன் நகரிலிருந்து ஏரிகள் பக்கம் போகிற ரோடு. திறந்த ஆண்டு 1924!

இலங்கையின் முதல் அதிவேக நெடுஞ்சாலை கொழும்புப் பக்கம் கொட்டாவையிலிருந்து காலி வரை 2011 நவம்பர் 27ல் திறந்தது. காசு கட்டினாலும் ஆட்டோவுக்கு அனுமதி இல்லை!

சுவிட்சர்லாந்தில் இருக்கும் நம் ஈழத்துச் சொந்தங்கள் எந்த டோல்கேட்டிலும் நிற்பதில்லை. வருஷத்துக்கு 40 பிராங்க், ஒரே வில்லை, நாட்டின் நெடுஞ்சாலை முழுக்க ஓட்டலாம். எல்லை தாண்டி ஜெர்மனிக்குள் போனால் காருக்கு அந்த 40ம் கிடையாது!

மலேசியாவில் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை 1994ல் முழுதாகத் திறந்தது. நீளம் 772 கிலோமீட்டர். பெருநாள் வந்தால் அரசே டோலில் சலுகை அறிவிக்கும். அந்தச் சலுகை தீபாவளிக்கும் வந்திருக்கிறது!

கனடாவின் டொரோன்டோவில் நம் கேள்விக்கு அச்சு அசலான ஊர் இருக்கிறது. மார்க்கம், ஸ்கார்பரோ தமிழர்கள் காரை எடுத்தால் இரண்டு வழி. 401ஆம் நெடுஞ்சாலையில் காசில்லை. ஆனால் நாளொன்றுக்கு 4,00,000 வண்டிகளுக்கு மேல் ஓடுகிற பகுதி அதில் இருக்கிறது. வட அமெரிக்காவிலேயே நெரிசலில் முதலிடம்! அதற்கு வடக்கே ஓடும் 407ல் காசு. 1997ல் திறந்த நாளிலிருந்து ஒரு டோல்கேட்கூடக் கிடையாது. கேமரா நம்பர் பிளேட்டைப் படிக்கும், பில் வீட்டுக்கு வரும்!

அந்த 407ன் கிழக்குக் கோடியில், மாகாண அரசு கையில் இருக்கும் பகுதிக்கு 2025 ஜூன் 1 முதல் டோலை எடுத்துவிட்டார்கள். மீதியை? 1999ல் 310 கோடி கனடிய டாலருக்குத் தனியாருக்குக் குத்தகை விட்டது விட்டதுதான். எத்தனை வருஷக் குத்தகை தெரியுமா? 99! முடிகிற ஆண்டு 2098. இந்த லீவில் பின் சீட்டில் தூங்கிக்கொண்டே வருகிற கைக்குழந்தைக்கு அப்போது 70 வயது தாண்டியிருக்கும்!